காலையில் மக்கர் செய்யும் பழைய லோடு வண்டி

விடியற்காலை மணி 3.45. லைன் வண்டியில் முந்தின இரவே சரக்கு ஏற்றித் தார்ப்பாய் கட்டியாகிவிட்டது. பருப்பு, புளி, வத்தல், எண்ணெய் டின், சோப்புப் பெட்டி என்று பதினான்கு கிராமத்துக் கடைகளுக்கான சரக்கு. டிரைவர் சாவியைத் திருப்புகிறார். ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி திருப்புகிறார். மறுபடியும் அதே ‘டக்’. வண்டி அசையவில்லை.

சொந்த வண்டி வைத்திருக்கும் நம் அன்பர்களில் இந்தச் சத்தத்தைக் கேட்காதவர் குறைவு. அடுத்து நடப்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. டிரைவர் பத்து இருபது தடவை சாவியைத் திருப்பி, பேட்டரியில் மிச்சம் இருந்ததையும் தீர்த்துவிடுவார். டீக்கடையில் நிற்கும் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்வார். நாம் மெக்கானிக்கின் செல்போனுக்கு அடித்துக்கொண்டே இருப்போம். அவர் எடுக்க மாட்டார். நாலு மணிக்கு எந்த மெக்கானிக் எடுப்பார்?

வண்டி ஸ்டார்ட் ஆகாத நாளில் மெக்கானிக் கூலி மட்டும்தான் நஷ்டம் என்று நினைப்பது தப்புக் கணக்கு. லைன் என்பது நாள் குறித்த வியாபாரம். செவ்வாய்க்கிழமை வண்டி வரும் என்று கிராமத்துக் கடைக்காரர் பணத்தைத் தனியே எடுத்து வைத்திருப்பார். ஏழு மணிக்குள் நம் வண்டி போகாவிட்டால் எட்டு மணிக்கு வேறொருவர் வண்டி அங்கே நிற்கும். சரக்கும் அவரிடம் இறங்கும், எடுத்து வைத்த பணமும் அவரிடம் போகும். நமக்கு வரவேண்டிய பழைய பாக்கி அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். இரண்டு வாரம் தொடர்ந்து இப்படி நடந்தால் அந்தக் கடை நம் கடை அல்ல.

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

பேட்டரி மாற்றிய கதை

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் வண்டி மேலே சொன்னபடி ‘டக்’ என்று நின்றது. தள்ளி ஸ்டார்ட் செய்து லைனுக்கு அனுப்பினோம். மதியம் வண்டி திரும்பியதும் நேரே பேட்டரிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் நல்ல மனிதர். “பழைய பேட்டரியை ஒரு தடவை சோதிச்சுப் பார்த்துடலாமே அண்ணாச்சி” என்றார். “சீசன் நேரம், அதுக்கெல்லாம் நேரமில்லை. புதுசையே போடுங்க” என்று சொன்னது நாங்கள்தான். ஐயாயிரத்தை ஒட்டிச் செலவு. பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டோம். அது நல்ல பேட்டரி என்பது பிறகு தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய, அது கைமாறிப் போயிருந்தது.

புது பேட்டரி போட்டதும் வண்டி கிண்ணென்று எடுத்தது. ஒரு வாரம் நிம்மதி. எட்டாம் நாள் காலை, வண்டி நிறைய மண்டை வெல்லமும் பச்சரிசியும் மஞ்சளும் பொங்கல் சரக்காக ஏற்றியிருந்தபோது, மறுபடியும் ‘டக்’. இம்முறை தள்ளியும் பயனில்லை. பாரம் அதிகம், தெருவும் மேடு.

ஏழு மணிக்கு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். பேட்டரியை அவர் தொடவே இல்லை. பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டையைப் பிடித்துக்கொண்டு டிரைவரைச் சாவி திருப்பச் சொன்னார். நாலைந்து தடவை ‘டக்’ சத்தம் கேட்டபின் எங்களைக் கூப்பிட்டு, “இங்கே கையை வச்சுப் பாருங்க அண்ணாச்சி” என்றார். சேஸிஸில் பட்டை முடுக்கியிருந்த போல்ட் நன்றாகச் சுட்டது.

போல்ட்டுக்கு அடியில் துரு ஏறியிருந்தது. பின்னல் பட்டையின் செம்பு இழைகளில் பாதிக்கு மேல் பச்சை பிடித்து அறுந்திருந்தன. உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, புதுப் பட்டை ஒன்றை மாட்டினார். சாவியை அரைத் திருப்புத் திருப்பியதுமே எஞ்சின் பிடித்துக்கொண்டது. பட்டைக்கும் கூலிக்கும் சேர்த்து ஐந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. அன்று லைன் கிளம்ப எட்டரை ஆகிவிட்டது. கடைசி மூன்று கடைகளில் சரக்கு ஏற்கெனவே வேறு வண்டியில் இறங்கியிருந்தது. அதில் ஒரு கடை இன்றுவரை நம்மிடம் திரும்பவில்லை.

லைட் எரிந்தால் போதாது

அன்று எங்கள் மனதில் இருந்த கேள்வி உங்களுக்கும் எழும். ஹெட்லைட் நன்றாக எரிந்ததே, ஹாரன் அடித்ததே, பிறகு ஏன் செல்ஃப் எடுக்கவில்லை?

ஒரு ஹெட்லைட் பல்பு இழுக்கும் கரண்டு சுமார் 5 ஆம்பியர். செல்ஃப் மோட்டாரோ எஞ்சினைச் சுழற்ற நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வண்டி பெரிதாகப் பெரிதாக இது இன்னும் கூடும். துருப்பிடித்த ஓர் இணைப்பில், லைட் எரியும்போது கால் வோல்ட் வீணாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்பு அதைக் கண்டுகொள்ளாது. அதே இணைப்பு வழியாக இருபது மடங்கு கரண்டு போக நேர்ந்தால் வீணாவதும் இருபது மடங்கு, அதாவது 5 வோல்ட். பன்னிரண்டில் ஐந்து போய்விட்டால் செல்ஃப் மோட்டார் எதை வைத்துச் சுற்றும்? வீணான அந்த மின்சாரம்தான் போல்ட்டில் சூடாக வெளியே வந்தது. மூட்டை வரும் வழியில் கதவு பாதிதான் திறக்கும் என்றால், கையில் பையோடு வரும் ஆள் நுழைந்துவிடுவார், மூட்டை நுழையாது. அதே கதைதான்.

புது பேட்டரி போட்டபின் ஒரு வாரம் ஓடியதற்கும் காரணம் இருக்கிறது. புதியது கொஞ்சம் முறுக்காக இருந்ததால் அந்தப் பாதிக் கதவிலும் முட்டி நுழைந்துவிட்டது. துரு இன்னும் கொஞ்சம் ஏறி, மார்கழிப் பனியும் சேர்ந்ததும் அதுவும் முடியாமல் போயிற்று.

ஆகவே பணத்தை எடுக்குமுன் காதையும் கண்ணையும் உபயோகியுங்கள் என்பதே நாங்கள் சொல்ல வந்தது. நாம் யாரும் மெக்கானிக் ஆக வேண்டாம். ஆனால் கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதா, டீசல் மெக்கானிக்கைக் கூப்பிடுவதா என்பதாவது நாலு மணிக்கே தெளிவாகும். 1986-இல் வந்த டாடா 407, 2005-இல் வந்து நம் ஊர்களில் ‘குட்டி யானை’ என்று பெயர் வாங்கிய டாடா ஏஸ் போன்றவற்றின் பழைய டீசல் மாடல்களுக்கு இங்கே சொல்வது பொருந்தும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் எல்லாம் கம்ப்யூட்டர் கட்டுப்பாடு. அவற்றில் கை வைக்காமல் சர்வீஸ் சென்டரைக் கூப்பிடுவதே நல்லது.

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவி திருப்புங்கள்

வண்டி எடுக்கவில்லை என்றதும் முதலில் செய்ய வேண்டியது இது. ஹெட்லைட்டைப் போடுங்கள். ஓர் ஆளை முன்னால் நிற்க வைத்து லைட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.

லைட் அடியோடு மங்கி, ‘டக்’ என்றோ ‘டக டக டக’ என்றோ சத்தம் வந்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது எங்களுக்கு நேர்ந்தது போல இணைப்பு கெட்டிருக்கிறது. லைட் கொஞ்சமும் மங்காமல் சத்தமே இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டே போகவில்லை. சாவி சுவிட்ச், அதன் மெல்லிய ஒயர், பியூஸ், சொலினாய்டு ஆகிய இவற்றில் ஒன்று. லைட் மங்காமல் ‘டக்’ மட்டும் பலமாகக் கேட்டால் சொலினாய்டின் உள் காண்டாக்ட் தேய்ந்திருக்கலாம், மோட்டாருக்குள் கார்பன் தேய்ந்திருக்கலாம். கார்பன் தேய்ந்த மோட்டாரை ஸ்பானரின் கைப்பிடியால் மெதுவாக நாலு தட்டு தட்டிக்கொண்டே சாவி திருப்பினால் சில வேளை எடுக்கும். எடுத்தால் அன்றைய லைன் பிழைத்தது. ஆனால் மதியமே பட்டறைக்கு அனுப்பிவிட வேண்டும். இந்தத் தட்டு வைத்தியம் நாலு நாளைக்கு மேல் பலிக்காது. சுத்தியலால் ஓங்கி அடிக்கும் டிரைவர்களும் உண்டு. உள்ளே காந்தம் உடைந்தால் முழு மோட்டாரும் போய்விடும், சொல்லி வையுங்கள்.

லைட் மங்குகிறது என்றால் பேட்டரியா இணைப்பா என்று பிரித்தறிய வேண்டும். வண்டியில் எப்போதும் கிடக்க வேண்டிய ஜம்பர் ஒயர் இதற்கு உதவும். ஒயரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் கவ்வவிட்டு, மறுமுனையை எஞ்சினின் வெறும் இரும்புப் பாகம் ஒன்றில், பெயிண்ட் இல்லாத இடமாகப் பார்த்துக் கவ்வவிடுங்கள். இப்போது சாவி திருப்பினால் எடுக்கிறதா? அப்படியானால் எர்த் பட்டைதான் கெட்டது, பேட்டரி அல்ல. ஐந்து நிமிட வேலை. இதை அன்றே நாங்கள் செய்திருந்தால் ஐயாயிரம் ரூபாய் கல்லாவில் இருந்திருக்கும். நெகட்டிவ் பக்கம் சரியாக இருந்தால், பேட்டரி முனைகள் இரண்டின் கிளாம்ப்பையும் கையால் திருகிப் பாருங்கள். கையால் அசைந்தாலே அது பிடிப்பில்லை என்று அர்த்தம்.

முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் பொடியைச் சுத்தம் செய்ய நாம் எங்கும் போக வேண்டாம், நம் கடையிலேயே இருக்கிறது. ஆப்பச் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கழன்று வரும். அந்தத் தண்ணீர் பேட்டரி மூடி வழியாக உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், போனால் ஆசிட் கெடும். பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, இறுக மாட்டியபின் மேலே வாசலின் தடவிவிடுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இந்த வரிசையை மாற்றினால் ஸ்பானர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கும் வாயு வரும். பீடியோடு குனிந்து பார்ப்பதும், இருட்டில் தீக்குச்சி கிழித்துப் பார்ப்பதும் முகத்தையே கெடுத்துவிடும்.

பேட்டரி உண்மையில் எப்படி இருக்கிறது என்று அறிய ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். எலக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இரவு முழுதும் நின்ற வண்டியில், காலையில் எதையும் போடுமுன் அளந்தால், முழு சார்ஜ் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் ஏறத்தாழக் காலி. செல்ஃப் எடுக்கும் நேரத்தில் பேட்டரி முனைகளிலேயே மீட்டரை வைத்துப் பார்க்கும்போது பத்துக்கு அருகில் நின்றால் நல்லது. ஏழு எட்டு என்று விழுந்தால் பேட்டரியில் கோளாறு, அல்லது அதில் சார்ஜ் இல்லை. முனைகளில் 12 காட்டுகிறது, ஆனால் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிட்டு ஒயரைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் 12.5-தான் என்றால் சார்ஜே ஏறவில்லை, ஆல்டர்னேட்டரும் ஃபேன் பெல்ட்டும் பார்க்கப்பட வேண்டியவை. பெல்ட் தளர்ந்து சார்ஜ் ஏறாமல் போய், அதற்குப் பேட்டரி மேல் பழி விழுந்த கதைகள் நம் கடைத்தெருவிலேயே ஏராளம்.

இரவில் யாரோ பேட்டரியைக் குடித்துவிடுகிறார்கள் என்று சந்தேகம் இருந்தால் அதற்கும் வழி உண்டு. எல்லாவற்றையும் அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றுங்கள். கிளாம்ப்புக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் ஒரு டெஸ்ட் லாம்ப்பை வையுங்கள். அது நன்றாக எரிந்தால் ஏதோ ஒன்று கரண்டை இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பியூஸாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எந்தப் பியூஸைக் கழற்றும்போது விளக்கு அணைகிறதோ அந்த லைனில்தான் திருடன். பெரும்பாலும் டிரைவர் தனியாக ஒயர் இழுத்துப் போட்ட பாட்டுப் பெட்டியாகவோ அலங்கார லைட்டாகவோ இருக்கும்.

தண்ணீர் ஊற்றும் பேட்டரியாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். ஆசிட் ஊற்றினால் பேட்டரிக்குத் தெம்பு வரும் என்று சொல்வோரை நம்ப வேண்டாம். குறைவது தண்ணீர்தான், ஆசிட் அல்ல. புது பேட்டரி வாங்க நேர்ந்தால் வாரண்டி கார்டில் தேதி, வண்டி எண், கடை முத்திரை மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து, அதை பில்லோடு சேர்த்துக் கடைக் கோப்பில் வையுங்கள். டேஷ்போர்டுக்குள் வைத்த கார்டை எலி தின்றுவிடும். இது வேடிக்கைக்குச் சொன்னதல்ல.

எலியைப் பற்றி

மளிகைக்காரர் வண்டிக்கு என்று தனியாக வரும் கோளாறு இது. மற்றவர் வண்டியைவிட நம் வண்டியில் எலி அதிகம். மூட்டை கிழிந்து சிந்திய அரிசியும் கடலையும் பலகை இடுக்கிலும் சீட்டுக்கு அடியிலும் கிடக்கும். அதைத் தின்ன வரும் எலி, எஞ்சின் சூட்டில் குளிருக்கு இதமாகப் படுத்துக்கொண்டு ஒயரைக் கடிக்கும். சொலினாய்டுக்குப் போகும் ஒற்றை மெல்லிய ஒயரைக் கடித்துவிட்டால் போதும், லைட் எல்லாம் எரியும், வண்டி மட்டும் சத்தமே போடாது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கந்தலும் காகிதமும் சேர்த்துக் கூடு கட்டிய எலியை நாங்களே பார்த்திருக்கிறோம். மாலையில் வண்டி திரும்பியதும் பெருக்கிவிடுவது ஒன்றே இதற்கு வழி. வண்டிக்குள் விஷம் வைப்பது கூடாது. அதே பலகையில்தான் நாளை சரக்கு ஏறும்.

செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

இது வேறு வழக்கு. பேட்டரியும் செல்ஃபும் தம் வேலையைச் செய்கின்றன, டீசல் பக்கம்தான் தகராறு. இங்கே முதல் விதி, பத்து விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் செல்ஃப் அடிக்காதீர்கள். ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்துப் பிறகு திருப்புங்கள். தொடர்ந்து அடித்தால் மோட்டார் சூடேறிக் கருகும், பேட்டரியும் தீரும்.

கேட்க வெட்கமாக இருக்கும் கேள்விகளை முதலில் கேட்டுவிடுங்கள். டேங்கில் டீசல் இருக்கிறதா? பழைய வண்டியின் முள்ளை நம்ப வேண்டாம், சுத்தமான குச்சி விட்டுப் பாருங்கள். எஞ்சினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் கேபிள் உள்ள வண்டியானால், அது முழுதும் உள்ளே போயிருக்கிறதா? கேபிள் துருவேறிப் பாதியில் சிக்கிக்கொண்டு, மெக்கானிக் வந்து விரலால் தள்ளிவிட்டுக் கூலி வாங்கிப் போனதும் உண்டு.

பிறகு ஓர் ஆளைப் பின்னால் நிறுத்திப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகையே வரவில்லை என்றால் டீசல் எஞ்சினுக்குப் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. வெள்ளைப் புகைக்கு ஹீட்டர் பிளக் ஒரு காரணம். ஹீட்டர் பிளக் உள்ள வண்டிகளில் சாவியைப் பாதி திருப்பி, டேஷ்போர்டில் அதன் விளக்கு அணையும்வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். அவசரக்கார டிரைவர்கள் இதற்குப் பொறுப்பதில்லை. சமவெளியில் வெயில் காலத்தில் இது இல்லாமலே ஓடிவிடும். ஊட்டி, கொடைக்கானல் பக்கத்து அன்பர்களுக்கு ஓடாது. பிளக் நன்றாக இருந்தும் நாள்தோறும் வெள்ளைப் புகைதான் என்றால் கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம். அது பெரிய வேலை, அதைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

புகையே இல்லை என்றால் பெரும்பாலும் ‘ஏர் பிடித்துவிட்டது’ என்று மெக்கானிக்குகள் சொல்வதுதான். டீசல் பம்ப் என்பது திரவத்தைத் தள்ளச் செய்தது. குழாயில் காற்று புகுந்தால் அந்தக் காற்றையே அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருக்கும், நாசிலுக்கு டீசல் போய்ச் சேராது. டீசல் தீர்ந்து நின்ற வண்டியிலும், ஃபில்டர் மாற்றிய வண்டியிலும் இது சகஜம். பகலெல்லாம் நன்றாக ஓடி, இரவு நின்றபின் காலையில் மட்டும் நீளமாகச் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது என்றால் டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் எங்கோ வெடித்த ரப்பர் குழாயோ தேய்ந்த வாஷரோ காற்றை இழுக்கிறது. இதைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படுவதற்குக் காரணம் உண்டு. இந்தப் பகுதியில் பம்ப் உறிஞ்சுகிறது. அதனால் ஓட்டையில் காற்று உள்ளே போகுமே தவிர, டீசல் வெளியே அதிகம் கசியாது. ஈரம் தெரியவில்லை, ஆகவே கசிவு இல்லை என்று முடிவு கட்டிவிடுவோம். அப்படி முடிவு கட்டி, நல்ல பம்ப்பைக் கழற்றிச் சர்வீஸுக்கு அனுப்பிப் பல ஆயிரம் செலவழித்தவர்கள் உண்டு. பத்து வருடம் ஆன வண்டியில் டீசல் ரப்பர் குழாய்களை மொத்தமாக மாற்றிவிடுவது இதைவிட மலிவு.

காற்றை எடுப்பது கஷ்டமான வித்தையல்ல, டிரைவர் பழகிக்கொள்ளலாம். ஃபில்டர் மேல் உள்ள ஏர் ஸ்குரூவை இரண்டு சுற்றுத் தளர்த்தி, கை பம்ப்பை அடித்தால் முதலில் நுரை வரும். நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை அடித்து, ஸ்குரூவை முடுக்க வேண்டும். வழிந்த டீசலைத் துடைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யலாம். மழைக்காலத்தில் ஃபில்டரின் அடியில் உள்ள மூடியைத் திறந்து, தேங்கிய தண்ணீரை வடிப்பதும் இதோடு சேர்ந்த வேலை. ஆனால் நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாய்ப் பக்கம் போக வேண்டாம். அதில் அழுத்தம் மிக மிக அதிகம். பீறிடும் டீசல் ஊசி போலத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்வைக்குச் சின்னப் புள்ளியாகத் தெரியும் அந்தக் காயத்தால் விரலை இழந்தவர்கள் உண்டு. அப்படிப் பட்டுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காற்று இழுக்கும் வழியில் பெட்ரோலை ஊற்றி ஸ்டார்ட் செய்யும் முரட்டு வைத்தியம் இன்னும் சில இடங்களில் நடக்கிறது. ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும் எஞ்சினில் அது வெடிக்கும். எவர் சொன்னாலும் அனுமதிக்க வேண்டாம்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது பற்றி

இது தவறென்று சொல்ல மாட்டோம். நாங்களும் தள்ளியிருக்கிறோம். ஆனால் எஞ்சின் ஓடாதபோது பிரேக்கின் பூஸ்டர் வேலை செய்யாது. பெடல் கல் போல இருக்கும், சரக்கேற்றிய வண்டி சரிவில் உருண்டால் நிற்காது. ஆகவே சரிவில் தள்ளாதீர்கள், வண்டிக்கு முன்னால் ஆள் நிற்கக் கூடாது. முதல் கியரைவிட இரண்டாம் கியரில் எடுப்பது சுலபம். சாவியைத் திருப்பினால் திறக்கும் மின்சார டீசல் வால்வு உள்ள வண்டியில், பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தால் பத்துத் தெரு தள்ளினாலும் பிடிக்காது. அப்போது பக்கத்துக் கடை வண்டியிலிருந்து ஜம்பர் ஒயர்தான் வழி. பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ் முதலில், பிறகு நல்ல பேட்டரியின் நெகட்டிவிலிருந்து நம் வண்டியின் எஞ்சின் இரும்புக்கு. மாற்றிக் கொடுத்தால் ஆல்டர்னேட்டரின் டயோடு போய்விடும், சில வேளை உதவிக்கு வந்தவர் வண்டியிலும்.

கடைக்கு வைத்திருக்கும் பழைய மொபெட்டுகளுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம், துடைத்து உலர்த்தி மாட்டுங்கள். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் தண்ணீரை இழுக்கும், பழைய ரப்பரையும் ஊற வைக்கும். மாதக் கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வண்டியின் டேங்க்கைக் காலி செய்துவிட்டுப் புது பெட்ரோல் போடுவது நல்லது.

பேரேட்டில் வண்டிக்கு ஒரு பக்கம்

எர்த் பட்டை சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். பேரேட்டில் வாடிக்கையாளருக்குப் பக்கம் ஒதுக்குவது போல வண்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினோம். பற்று எழுதும்போது தொகையை மட்டும் எழுதாமல், என்ன கோளாறு, காலையில் என்ன சத்தம் வந்தது, எதை மாற்றியதும் சரியாயிற்று, எத்தனை மணிக்கு லைன் கிளம்பியது என்று ஒரு வரி எழுதினோம். பழைய பில்களையும் தேடி எடுத்து அதே பக்கத்தில் ஏற்றினோம். ஏற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஐந்து வருடத்தில் மூன்று பேட்டரி மாற்றியிருக்கிறோம், எர்த் பட்டையை ஒரு தடவையும் மாற்றவில்லை. முதல் இரண்டு பேட்டரியும் உண்மையில் கெட்டவையா என்று இனி யார் சொல்ல முடியும்?

பழைய வண்டியை வைத்துக்கொள்வதா விற்பதா என்ற கேள்விக்கும் அந்தப் பக்கமே பதில் சொல்லும். பேட்டரி, செல்ஃப் கார்பன், ரப்பர் குழாய், ஃபில்டர் ஆகியவை எந்த வண்டிக்கும் வரும் செலவு. இவற்றுக்காக ஓடும் வண்டியை விற்றுவிட்டு மாதத் தவணையில் மாட்டிக்கொள்வது சிறு வியாபாரிக்குக் கட்டுப்படியாகாது என்பது எங்கள் கருத்து. கம்ப்ரஷன் குறைந்து எஞ்சின் இறக்க வேண்டும் என்று வந்தால் கணக்கு வேறு. எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். அதற்கான பெயிண்ட், டயர், லைட் செலவையும், லைன் தவறிய நாள்களையும் எஞ்சின் வேலையோடு கூட்டிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எங்கள் வண்டிக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை.

இப்போது எங்கள் டிரைவர் இரவு சரக்கு ஏற்றி முடிந்ததும் வண்டியை ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார். கோளாறு என்றால் இரவு எட்டு மணிக்கே தெரிந்துவிடும். அந்த நேரத்தில் எலக்ட்ரீஷியன் போனை எடுப்பார். சீட்டுக்கு அடியில் ஒரு சாக்குப் பையில் ஜம்பர் ஒயர், மல்டிமீட்டர், பத்தும் பதின்மூன்றுமான ஸ்பானர், உப்புத்தாள், டெஸ்ட் லாம்ப், கூடுதலாக ஓர் எர்த் பட்டை, பியூஸ் நாலு, ஒரு டப்பா வாசலின் எல்லாம் இருக்கின்றன. ஆப்பச் சோடாவை மட்டும் வண்டியில் வைப்பதில்லை. தேவைப்பட்டால் ஏற்றிய சரக்கிலேயே ஒரு பாக்கெட் எடுத்துக்கொண்டு சீட்டில் எழுதிவிடச் சொல்லியிருக்கிறோம்.